அன்றாட வாழ்க்கையின் வரலாற்றை ஆராய்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

எகிப்தில் அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் குடியிருந்த ஊர் டெய்ர் எல்-மதீனா. இரண்டாம் ராம்சேஸ் ஆட்சியின் 40ஆம் ஆண்டில், யார் யார் எந்தெந்த நாளில் வேலைக்கு வரவில்லை என்று அங்கே ஒரு கணக்கர் சுண்ணாம்புக்கல் ஒன்றில் குறித்து வைத்தார். அந்தக் கல் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. வராததற்குக் காரணமும் எழுதியிருக்கிறது: ஒருவருக்குக் கண்நோய், ஒருவரைத் தேள் கொட்டிவிட்டது, ஒருவர் பீர் காய்ச்சப் போயிருக்கிறார், ஒருவர் இறந்துபோன தாயின் உடலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருக்கிறார். கணக்கருக்கு வேண்டியிருந்தது வெறும் ஆள்கணக்கு. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஒரு தெருவே எப்படி வாழ்ந்தது என்பதற்கு அது நமக்குச் சாட்சியாகிவிட்டது.

அந்தரங்க வாழ்க்கை, அன்றாட வாழ்க்கை என்று எதை ஆராயப் போனாலும் நிலைமை இதுதான். எப்படித் தூங்கினார்கள், யார் துணி துவைத்தார்கள், கணவன் மனைவி தனியாகப் பேச இடம் இருந்ததா என்பதையெல்லாம் யாரும் உட்கார்ந்து எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் எழுதுவார்கள்? வேறு காரியத்துக்காக எழுதிய தாளில் ஒட்டிக்கொண்டு வந்ததுதான் நமக்குக் கிடைக்கும். ஆகவே இந்த ஆராய்ச்சியில் பாதி வேலை அந்தத் தாளைத் தேடுவது. மீதிப் பாதி, அதை எழுதியவருக்கு என்ன காரியம் ஆகவேண்டியிருந்தது என்று கேட்டுக்கொண்டே படிப்பது. பட்டம் இல்லாதவர்களும் செய்யக்கூடிய வேலை இது. பொறுமை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே வேண்டும்.

படி 1: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"18ஆம் நூற்றாண்டுப் பெண்களின் வாழ்க்கை" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. அதை வைத்துக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனால் எந்தக் கட்டைக் கேட்பது என்றே தெரியாது. நல்ல கேள்வியில் நான்கு விஷயங்கள் இருக்கும்: ஒரு செயல், ஒரு வகை மனிதர்கள், ஓர் இடம், ஒரு காலம். நான்கிலும் செயல்தான் முக்கியம். 'குடும்பம்', 'அந்தரங்கம்', 'அன்பு' என்று தொடங்குகிறவர்கள் மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருவார்கள். குளிப்பது, விளக்கேற்றுவது, கதவைத் தாழிடுவது, கடன் வாங்குவது என்று தொடங்கினால், ஆதாரம் எங்கே கிடக்கும் என்பது தானாகவே தெரிய ஆரம்பிக்கும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம்: 1750க்கும் 1800க்கும் இடையில், லண்டனில் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள் பொழுது சாய்ந்த பின் எந்த வெளிச்சத்தில் வாழ்ந்தார்கள்? லண்டனை எடுக்கக் காரணம், அந்த ஊரின் நீதிமன்ற அறிக்கைகளை எங்கிருந்தும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம் என்பதுதான். நீங்கள் வேறு ஊரையும் வேறு காலத்தையும் எடுத்துக்கொள்ளலாம், வழிமுறை மாறாது.

நடுவழியில் கேள்வி மாறக்கூடும், மாறட்டும். வெளிச்சத்தைத் தேடிப் போனவருக்கு, ஒரே அறையில் வாடகைக்குக் குடியிருந்த இரண்டு குடும்பங்கள் ஒரே மெழுகுவர்த்தியை எப்படிப் பங்கிட்டுக்கொண்டன என்ற கேள்வி முளைக்கலாம். அது முதல் கேள்வியைவிட நல்ல கேள்வி.

படி 2: எந்தக் காரியத்துக்காகத் தாள் எழுதப்பட்டிருக்கும் என்று ஊகியுங்கள்

காப்பகத்துக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே செய்யவேண்டிய வேலை இது. எழுத்து எப்போது உண்டாகிறது? பணம் கைமாறும்போது, யாராவது இறக்கும்போது, சண்டை வரும்போது, அரசு வரி கேட்கும்போது, பிரிந்திருப்பவருக்குச் சேதி சொல்லும்போது. உங்கள் செயல் இவற்றில் எதையெல்லாம் தொட்டிருக்கும் என்று ஒரு பட்டியல் போடுங்கள்.

வெளிச்சத்தை எடுத்துக்கொண்டால், இங்கிலாந்தில் மெழுகுவர்த்திக்கு வரி போடும் சட்டம் 1709இல் வந்தது, 1831இல்தான் நீக்கினார்கள். வரி என்றால் கணக்குப் புத்தகம், சோதனை, ஏமாற்று, வழக்கு எல்லாம் பின்னாலேயே வரும். ஆராய்ச்சியாளருக்கு நல்ல காலம்தான். ஆனால் நாணல் தண்டின் நடுச்சோற்றைக் கொழுப்பில் தோய்த்து, வீட்டுக்கென்று ஏழைகள் செய்துகொண்ட நாணல் விளக்குக்கு விலக்கு இருந்தது. அதனால் வரிக் கணக்கை மட்டும் நம்பினால் ஏழை வீடுகள் இருட்டில் கிடந்தது போலத் தோன்றும். அந்த விளக்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறு ஆள் வேண்டும்: ஹாம்ப்ஷயர் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் வைட். இரண்டேகால் அடிக்குச் சற்றே கூடுதலான ஒரு தண்டு, ஒரு மணி நேரத்துக்கு மூன்று நிமிடம் குறைவாக எரிந்தது என்று 1775ஆம் ஆண்டுத் தேதியிட்ட கடிதத்தில் அவர் கணக்காகச் சொல்கிறார். அவர் இயற்கையை ஆராய்ந்தவர், எதையும் அளந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் இந்தத் தகவல் நமக்குக் கிடைத்திருக்காது.

படி 3: மற்றவர்கள் எழுதியதைப் படியுங்கள், அடிக்குறிப்போடு

இதில் நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. உங்கள் கேள்விக்கு அருகில் இருக்கிற இரண்டு மூன்று ஆய்வுகளை எடுங்கள். முதலில் முடிவுரையைப் படியுங்கள், அடுத்து அடிக்குறிப்புகளுக்குப் போங்கள். எந்தக் காப்பகம், எந்தத் தொகுப்பு, எந்த ஆண்டு என்பது அங்கேதான் இருக்கும். நடுப்பகுதியைப் பிறகு சாவகாசமாகப் படித்துக்கொள்ளலாம்.

படி 4: பட்டியலில் தேடக் கற்றுக்கொள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் திணறும் இடம் இது. நூலகத்தில் புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்கியிருப்பார்கள். காப்பகத்தில் அப்படி இல்லை. எந்த அலுவலகம் அல்லது எந்தக் குடும்பம் அந்தத் தாள்களை உண்டாக்கியதோ, அதன் பெயரில்தான் கட்டுகள் இருக்கும். 'சமையல்', 'குழந்தை வளர்ப்பு' என்று தேடினால் ஒன்றும் வராது. குழந்தையைப் பற்றி யார் எழுதியிருப்பார்கள் என்று யோசித்து, அநாதை இல்லம், பள்ளி, மருத்துவமனை, மரண விசாரணை அதிகாரி என்று அந்த அலுவலகங்களின் பெயரில் தேட வேண்டும். அப்படியும் கிடைக்காவிட்டால் காப்பகத்தாருக்கு எழுதிக் கேளுங்கள். "உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். "இன்ன காலத்தில் இந்த ஊரில் வாடகை அறைகளில் குடியிருந்தவர்களின் தட்டுமுட்டுச் சாமான் விவரம் எந்தத் தொகுப்பில் வரக்கூடும்?" என்று கேட்டால் உருப்படியான பதில் வரும்.

இணையத் தேடலில் வேறு தொல்லைகள். அச்சடித்த பழைய பக்கங்களை இயந்திரம் படித்துத்தான் எழுத்தாக்கியிருக்கும், அது தப்பும் தவறுமாகப் படிக்கும். உதாரணமாக, 18ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சில் எஸ் எழுத்துக்கு ஒரு நீண்ட வடிவம் உண்டு. இயந்திரம் அதை எஃப் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே சொல்லைச் சரியாகவும் தேடுங்கள், தப்பாகவும் தேடுங்கள். நாம் இன்று சொல்லும் பெயரில் அந்தக் காலத்தவர் எழுதியிருக்கவும் மாட்டார்கள். முதல் பத்துப் பக்கங்களைத் தேடாமல் வரிவரியாகப் படித்து, அவர்கள் என்னென்ன சொற்களைப் புழங்கினார்கள் என்று ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு, அதன் பிறகு தேடலில் இறங்குவது நல்லது.

கையெழுத்து ஆவணம் என்றால், டிரான்ஸ்கிரிபஸ் போன்ற மென்பொருள்கள் இப்போது ஓரளவு படித்துக் கொடுக்கின்றன. முதல் வடிவமாக வைத்துக்கொள்ளலாம். பெயரையும் எண்ணையும் மூலத்தோடு ஒப்பிடாமல் எடுத்தாளக் கூடாது. தேதியிலும் கவனம் வேண்டும். இங்கிலாந்தில் 1752க்கு முன்பு சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25ஆம் தேதி. 1720 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1721. திருமணத்துக்கும் முதல் குழந்தைக்கும் இடையில் எத்தனை மாதம் என்று பார்க்கிறவர் இதைக் கவனிக்காவிட்டால், ஒரு பாவமும் அறியாத தம்பதியின் மேல் பழி போட்டுவிடுவார்.

படி 5: நீதிமன்ற ஆவணங்கள்

என்னைக் கேட்டால், சாதாரண மனிதர்களின் வாழ்க்கைக்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பேச்சு இங்கேதான் தாளில் ஏறியிருக்கிறது.

லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்ற அறிக்கைகள் 1674 முதல் 1913 வரை இருக்கின்றன. ஏறக்குறைய 1,97,000 வழக்குகள். நம் உதாரணத்துக்கு இது ஒரு புதையல். திருட்டு ராத்திரியில் நடந்திருந்தால், "இருட்டில் அவர் முகத்தை எப்படிப் பார்த்தீர்கள்?" என்று சாட்சியைக் குடையாமல் விடமாட்டார்கள். அங்கே கையில் மெழுகுவர்த்தி இருந்ததா, நிலா வெளிச்சமா, தெருவிளக்கா, எதிர்க்கடை வெளிச்சமா என்பது சாட்சி வாயிலிருந்தே வந்துவிடும். இன்னொரு வகை வழக்கு உண்டு: சாமான்களோடு வாடகைக்கு விட்ட அறையிலிருந்து குடியிருப்பவரே பொருளை எடுத்து அடகு வைத்துவிடுவது. குற்றச்சாட்டில் போர்வை, தலையணை, கெண்டி, மெழுகுவர்த்தித் தண்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கும். ஓர் ஏழையின் அறைக்குள் என்ன இருந்தது என்பதை வேறு எங்கே போய்த் தேடுவது?

ஆனால் அதில் எழுதிய விலையை அப்படியே நம்பிவிடாதீர்கள். குடியிருப்பு வீட்டுக்குள்ளிருந்து 40 ஷில்லிங் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பொருளைத் திருடினால் அன்றைய சட்டத்தில் தூக்கு. குற்றவாளியின் மேல் இரக்கப்பட்ட ஜூரிகள், விலை கூடுதல் என்று தெரிந்தே 39 ஷில்லிங் என்று தீர்ப்புச் சொன்னார்கள். 39 என்ற எண் அடிக்கடி வருவதைப் பார்த்து, சந்தை விலை அதுதான் என்று எழுதிவிடக் கூடாது. இந்த அறிக்கைகள் விற்பனைக்காக அச்சிடப்பட்டவை என்பதும் நினைவில் இருக்கட்டும். பரபரப்பான வழக்கு பக்கம் பக்கமாக நீளும், சாதாரண வழக்கு இரண்டு வரியில் முடிந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு விதி: எதற்காக வாதாடுகிறார்களோ அதைச் சந்தேகியுங்கள், யாரும் வாதாடாமல் போகிறபோக்கில் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். 'நான் திருடவில்லை' என்பது பொய்யாக இருக்கலாம். 'அப்போது நான் அடுப்பு வெளிச்சத்தில் தைத்துக்கொண்டிருந்தேன்' என்பதும் பொய்யாகவே இருக்கலாம். ஆனால் கேட்கிறவர்கள் நம்பக்கூடிய பொய்யைத்தானே சொல்வார்கள்? அடுப்பு வெளிச்சத்தில் தைப்பது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை என்பது மட்டும் நிச்சயம். நமக்கு அது போதும்.

இதே முறையில்தான் 14ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மலைக்கிராமமான மோன்தையூ நமக்கு இவ்வளவு நெருக்கமாகத் தெரிகிறது. பாமியே நகரத்து ஆயர் ஜாக் ஃபூர்னியே 1318 முதல் 1325 வரை சமயத் துரோகக் குற்றம் சாட்டி விசாரணை நடத்தினார். பின்னாளில் பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் போப் ஆனவர் அவர்தான். யார் எந்தக் கொள்கையை நம்புகிறார்கள் என்பதே அவருக்கு வேண்டியிருந்தது. வந்தவர்களோ, யாருக்கு யார் பேன் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பேச்சு நடந்தது என்பது வரை சொல்லிவிட்டுப் போனார்கள். ஒன்று கவனியுங்கள்: அவர்கள் பேசியது தென் பிரான்சின் ஆக்சிதான் மொழியில், எழுத்தர் பதிவு செய்தது லத்தீனில். ஆகவே நாம் படிப்பது மொழிபெயர்ப்பு, அவர்கள் வாயிலிருந்து வந்த சொற்களை அல்ல.

தூக்கத்தின் வரலாறும் இப்படித் துவங்கியதுதான். இரவில் நடந்த குற்றங்கள் பற்றிய பழைய சாட்சியங்களில், 'முதல் தூக்கம் கலைந்து எழுந்தபோது' என்பது போல எந்த விளக்கமும் இல்லாமல் வருவதை அமெரிக்க வரலாற்றாசிரியர் ரோஜர் எகிர்ச் கவனித்தார். தொழிற்புரட்சிக்கு முந்திய மேற்கு ஐரோப்பாவில் பலர் இரவை இரண்டு தூக்கங்களாகப் பிரித்துத் தூங்கினார்கள் என்று 2001இல் வாதிட்டார். மனித குலமே அப்படித்தான் தூங்கியது என்று அதை விரித்துச் சொல்வதை எல்லோரும் ஏற்கவில்லை. மின்சாரம் இல்லாமல் வாழும் ஹட்சா, சான், சிமானே மக்களை வைத்து 2015இல் வந்த ஆய்வு, அவர்கள் பெரும்பாலும் ஒரே மூச்சில்தான் தூங்குகிறார்கள் என்றது. ஓர் ஊரின் ஆதாரம் அந்த ஊருக்குத்தான் பேசும்.

படி 6: சொத்துப் பட்டியல்கள்

ஒருவர் இறந்ததும், அக்கம்பக்கத்தார் இரண்டு மூன்று பேர் வீட்டுக்குள் போய் ஒவ்வொரு அறையாகப் பொருள்களை எழுதி மதிப்புப் போடுவார்கள். இங்கிலாந்தில் 1529இல் வந்த சட்டத்தைத் தொடர்ந்து இது பெருகியது. ஐரோப்பாவின் பல பகுதிகளிலும் வட அமெரிக்காவிலும் இத்தகைய பட்டியல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

படிக்கும்போது வரிசையைப் பாருங்கள். கட்டில் கூடத்தில் கிடந்தால் 'படுக்கை அறை' என்ற தனி இடம் அந்த வீட்டில் இன்னும் உருவாகவில்லை என்று பொருள். நாற்காலி எத்தனை, ஆள் எத்தனை பேர்? ஆறு பேர் வீட்டில் இரண்டு நாற்காலி என்றால், உட்காருவதே சிலருக்கு மட்டும் கிடைத்த உரிமையாக இருந்திருக்கலாம். சட்டியும் தட்டும் எந்த அறையில் இருக்கின்றன என்பதை வைத்து எங்கே சமைத்தார்கள், எங்கே சாப்பிட்டார்கள் என்று சொல்லலாம்.

பட்டியலில் இல்லாதது வீட்டிலும் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். நிலமும் வீடும் அதில் சேராது. மனைவியின் சொந்தத் துணிமணி பெரும்பாலும் வராது. மண்சட்டி, நாணல் விளக்கு போல விலையில்லாத பொருள்களை, 'மற்ற சில்லறைச் சாமான்கள்' என்று ஒரே வரியில் மூட்டை கட்டிவிடுவார்கள். பட்டியல் போடும் அளவுக்குச் சொத்து இருந்தவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள், அவர்களிலும் வயதானவர்கள் அதிகம். இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த வழக்கம் தேய்ந்தும் போய்விட்டது. நம் லண்டன் கேள்விக்கு இது அதிகம் உதவாது. வாடகை அறைத் திருட்டு வழக்குகளுக்கே திரும்ப வேண்டும். எந்த ஆதாரம் தன் கேள்விக்கு ஒத்துவராது என்று தெரிந்துகொள்வதும் வேலையில் சேர்த்திதான்.

படி 7: நாட்குறிப்பும் கடிதமும்

நாட்குறிப்பு என்றதும் எல்லோரும் சாமுவேல் பெப்பிசைத் தேடுவார்கள். லண்டனில் கடற்படை அலுவலகத்தில் இருந்த அவர் 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் எழுதினார். பெண்களோடு நடந்துகொண்டதை எழுதும்போது மட்டும் ஸ்பானிஷ், பிரெஞ்சு, லத்தீன் எல்லாம் கலந்து மறைத்தார். கண் போய்விடும் என்று பயந்து நிறுத்தினார். சுவாரசியமான ஆள்தான், சந்தேகமில்லை. ஆனால் அன்றாட வாழ்க்கைக்குச் சுவாரசியமில்லாத நாட்குறிப்புதான் அதிகம் பயன்படும்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஹாலோவெல்லில் மார்த்தா பல்லார்ட் என்ற மருத்துவச்சி 1785 முதல் 1812 வரை எழுதியது அப்படிப்பட்டது. இன்றைக்கு வெயில், இன்னார் வீட்டில் பிரசவம், மகள்கள் நெய்தார்கள், கூலி இவ்வளவு வந்தது. இதை முன்பு புரட்டிப் பார்த்தவர்கள், அற்ப விஷயங்கள் என்று ஒதுக்கினார்கள். வரலாற்றாசிரியர் லாரல் தாட்சர் உல்ரிக் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சேர்த்துப் பார்த்தபோது, 800க்கும் மேற்பட்ட பிரசவங்களும், கணவர்களின் கணக்குப் புத்தகத்தில் ஏறாத பெண்களின் கொடுக்கல் வாங்கலும் தெரிந்தன. செய்யவேண்டியது இவ்வளவுதான்: ஒரு வருஷத்துப் பதிவை எடுங்கள். யார் வந்தார், யார் போனார், யாரோடு என்ன கைமாறியது என்று கட்டம் போட்டு நிரப்புங்கள். அலுப்பாகத்தான் இருக்கும். மூன்றாவது மாதத்துக்கு மேல் ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். நான்காவதில், வழக்கமாக வருகிற ஒருவர் ஏன் வரவில்லை என்று நீங்களே கேட்பீர்கள்.

கடிதத்தில், முதல் பத்தியை நம்பாதீர்கள். 'இங்கே அனைவரும் நலம், அங்கேயும் அவ்வாறே வேண்டுகிறேன்' என்பது உலகம் முழுக்கச் சம்பிரதாயம். கடிதம் எழுதக் கற்றுத்தரும் கையேடுகள் அந்தக் காலத்தில் நிறைய விற்றன. உங்கள் காலத்துக் கையேடு ஒன்றைப் பார்த்துவிட்டால், எது அச்சில் வார்த்தது, எது எழுதியவரின் சொந்தப் பேச்சு என்று பிரித்துவிடலாம். கைக்கு எட்டிய எழுத்தரைக் கொண்டு எழுதியதா என்பதையும் பாருங்கள். மூன்றாம் ஆள் எதிரில் உட்கார்ந்து எழுதும்போது யாரும் மனைவிக்கு மனதைத் திறக்க மாட்டார்கள்.

அதோடு, இது ஏன் மிஞ்சியது என்றும் கேளுங்கள். நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் தபால் அதிகாரி ஒருவரின் பழைய டிரங்குப் பெட்டி இருக்கிறது. 1689க்கும் 1706க்கும் இடையில் பட்டுவாடா ஆகாத 2,600 கடிதங்கள் அதில். அந்தக் காலத்தில் தபால் கட்டணத்தைக் கடிதம் பெறுகிறவர்தான் கட்டவேண்டும். என்றாவது ஒருநாள் வந்து பணம் கட்டி வாங்கிக்கொள்வார்கள் என்று தபால் அதிகாரி வைத்திருந்தார். சுமார் 600 கடிதங்கள் பிரிக்காமலே இருந்தன. அவற்றில் ஒன்றை எக்ஸ்ரே படமெடுத்து, கணினியில் மடிப்பைப் பிரித்து, மூலத்தைத் தொடாமலே படித்ததை 2021இல் வெளியிட்டார்கள். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடத்தில், இறைவன் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்ற நம்பிக்கையால் நூற்றாண்டுக் கணக்கில் தாள்கள் சேர்ந்துகொண்டே போயின. கடை லிஸ்டும் திருமணச் சீர்ப் பட்டியலும் அதனோடு தப்பித்தன. ஹேக்கில் மிஞ்சியவை போய்ச்சேராத கடிதங்கள். அன்போடு பெற்றுப் பத்திரப்படுத்தியவை அங்கே இருக்காது. இந்த வேறுபாடு உங்கள் முடிவை மாற்றக்கூடியது.

படி 8: பொருளும் படமும்

லண்டன் குழந்தைகள் காப்பகமான ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல் 1741இல் குழந்தைகளை ஏற்கத் தொடங்கியது. விட்டுச்சென்ற குழந்தையைப் பின்னால் அடையாளம் காண, ஒரு துண்டுத் துணியைப் பதிவுத் தாளோடு குத்தி வைத்தார்கள். சுமார் 5,000 துண்டுகள் இன்றும் இருக்கின்றன: பூ அச்சிட்ட பருத்தி, கோடு போட்ட லினன், ரிப்பன், சட்டைக்கை ஓரம். பணக்காரர்களின் பட்டாடைகள் அருங்காட்சியகங்களில் கிடைக்கும். ஏழைப் பெண் உடுத்திய துணியோ கிழிந்து கந்தலாகி மறைந்துவிடும். இங்கே அது சாயம் போகாமல் இருக்கிறது. அந்தத் தாளில் எழுதியிருப்பதைவிடக் குத்தியிருப்பது அதிகம் சொல்கிறது. ஆவணத்தை மின்வடிவில் பார்த்தால், எழுத்தை மட்டும் படிக்காமல் ஊசித் துளை, கறை, மடிப்பு எல்லாவற்றையும் பாருங்கள்.

படத்திடம் மட்டும் ஜாக்கிரதை. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களில் வீட்டுக்கு வீடு பளிங்குத் தரை பளபளக்கும். அதே காலத்துச் சொத்துப் பட்டியல்களோடும் மிஞ்சிய வீடுகளோடும் ஒப்பிட்டவர்கள், வசதியான வீடுகளிலும் தரை பெரும்பாலும் மரப்பலகைதான் என்று கண்டார்கள். சதுரக் கட்டம் போட்ட தரையில் தூரமும் நெருக்கமும் தெரிய வரையும் தன் திறமையை ஓவியர் காட்ட முடியும், வாங்குபவருக்கும் கண்ணுக்கு நிறைவு. புகைப்படமும் அப்படித்தான்: படம் எடுக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் வீட்டைப் பெருக்காமல் யார் இருப்பார்கள்?

படி 9: உயிரோடு இருப்பவர்களிடம் கேட்பது

கடந்த 70, 80 ஆண்டுகளைப் பற்றியது என்றால் பேட்டியைத் தவிர்க்க முடியாது. 'அந்தக் காலம் நன்றாக இருந்ததா?' என்று கேட்டால் பழம்பெருமை வரும், இல்லாவிட்டால் புலம்பல் வரும். செயலைக் கேளுங்கள். "காலையில் யார் முதலில் எழுவார்கள்? எழுந்ததும் எங்கே போவார்கள்? தண்ணீர் எங்கிருந்து வரும், யார் தூக்குவார்கள்?" கையால் செய்துகாட்டச் சொல்லுங்கள், வீட்டின் தரைப்படத்தை வரைந்து கொடுக்கச் சொல்லுங்கள். யார் எங்கே படுத்தார்கள் என்று படத்தில் குறிக்கும்போது, பேச்சில் வராதது வரும். ஒலிப்பதிவு செய்யவும், பின்னால் பயன்படுத்தவும் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டி கொடுத்தவர் மறுநாள் 'அதை மட்டும் எடுத்துவிடுங்கள்' என்றால் எடுத்துவிட வேண்டும், மறுபேச்சில்லை.

நினைவு தவறும். தவறு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் ஓர் ஆதாரம். இத்தாலியில் தெர்னி என்ற ஆலை நகரத்தில், லூயிஜி திரஸ்துல்லி என்ற தொழிலாளி 1949இல், நேட்டோவில் சேருவதை எதிர்த்த ஊர்வலத்தில் போலீசாரால் கொல்லப்பட்டார். ஊரார் பலரோ, 1953இல் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தபோது நடந்த போராட்டத்தில்தான் அவர் இறந்தார் என்று பேட்டி எடுத்த வரலாற்றாசிரியர் அலெஸாண்ட்ரோ போர்தெல்லியிடம் சொன்னார்கள். ஊரை உலுக்கிய நிகழ்ச்சி எதுவோ, அந்தப் பக்கமாகச் சாவை நகர்த்திவிட்டார்கள். தேதிக்குச் செய்தித்தாள் இருக்கிறது. அவர்கள் மனதில் எது பெரிது என்பதை இந்தப் பேட்டிதான் காட்டியது.

படி 10: குறிப்பெடுப்பது

ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு வரி. தேதி, இடம், யார், என்ன செய்தார், எந்தப் பொருளோடு, யார் சொன்னது, எந்தக் காரியத்துக்காகச் சொன்னது, ஆவண எண். கடைசிக்கு முந்திய கட்டத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், பின்னால் எடைபோட அதுதான் வேண்டும். ஆவணத்தின் சொற்களை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதுங்கள். உங்கள் கருத்துக்குத் தனிக் கட்டம். காப்பகத்தில் படமெடுக்க அனுமதி இருந்தால், முதலில் கட்டின் மேலட்டையைப் படமெடுத்துவிட்டு அப்புறம் உள்ளே போங்கள். இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பியதும் கையில் பெயரில்லாத நானூறு படங்கள்தான் இருக்கும்.

படி 11: யார் இல்லை என்று பாருங்கள்

தகவல் ஓரளவு சேர்ந்ததும் ஒருநாள் இதற்கென்றே உட்காருங்கள். மக்கள்தொகைக் கணக்கில் மனைவியின் தொழில் பக்கம் வெறுமையாக இருந்தால், அவர் சும்மா இருந்தார் என்றா பொருள்? கணக்கெடுக்க வந்தவர் கணவரைக் கேட்டு எழுதிக்கொண்டு போயிருப்பார். துணி துவைத்துச் சம்பாதித்ததும், குடியிருப்பவர்களுக்குச் சமைத்துப் போட்டதும் அங்கே வராது. அமெரிக்காவில் 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமை அட்டவணைகளில் பெரும்பாலும் பெயரே இல்லை. உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட இடத்தில், ஓடிப்போனவரைப் பிடித்துத் தரக் கேட்டு எஜமானர் கொடுத்த விளம்பரத்தைத் தேடவேண்டும். பிடிக்கவேண்டுமே என்ற அவசரத்தில் ஆளின் பெயர், உடை, நடை, தழும்பு, தெரிந்த கைத்தொழில் எல்லாவற்றையும் எழுதியிருப்பார்.

படி 12: எடைபோட்டு எழுதுங்கள்

ஒரே விஷயம் வெவ்வேறு காரியத்துக்காக எழுதிய இரண்டு மூன்று வகை ஆவணங்களில் வந்தால் தைரியமாகச் சொல்லலாம். நீதிமன்றத்தில் மட்டும் வந்தால், சண்டை வந்த வீடுகளைத்தான் பார்க்கிறோம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை வந்ததை 'மக்கள் இப்படி வாழ்ந்தார்கள்' என்று எழுதக் கூடாது. 'ஒருவராவது இப்படிச் செய்தார், அதைக் கேட்டவர்கள் ஆச்சரியப்படவில்லை' என்று எழுதலாம். இறந்துபோனவரின் மனதுக்குள் புகுந்து, 'அவள் எவ்வளவு தவித்திருப்பாள்' என்று உருகுவதை எந்த ஆதாரமும் தாங்காது. ஊகம் என்றால் ஊகம் என்று வாசகருக்குத் தெரியும்படி எழுதுங்கள்.

பிறர் அந்தரங்கத்தை எவ்வளவு வெளியிடுவது? பெயரோடு கூடிய மக்கள்தொகைப் பதிவுகளை அமெரிக்கா 72 ஆண்டுகளும், இங்கிலாந்து 100 ஆண்டுகளும் மூடி வைக்கின்றன. சட்டம் விடும் எல்லை அது. அதற்குப் பிறகும் பேரப்பிள்ளைகள் உயிரோடு இருக்கலாம். மனநல மருத்துவமனைப் பதிவு, திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை, தற்கொலை ஆகியவற்றில் ஊரையும் பெயரையும் மாற்றிவிட்டு, மாற்றியிருக்கிறேன் என்று சொல்லிவிடுவதே என் பழக்கம். வாதத்துக்குப் பெயர் தேவைப்படுவது அபூர்வம்.

எப்போது தேடலை நிறுத்துவது என்று பலர் கேட்பார்கள். புதிய கட்டைப் பிரித்ததும், அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால் நிறுத்திவிட்டு எழுத உட்காரலாம். எழுதி முடித்த பின் கையெழுத்தைப் படித்து நீங்கள் எழுதிக்கொண்டதை ஒரு பிரதி எடுத்து அந்தக் காப்பகத்துக்கே கொடுங்கள். அடுத்து அதே கட்டைக் கேட்கிறவர், உங்கள் கேள்வியைக் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தைப் படிக்க அவரும் அதே பாடுதான் படுவார்.